மெல்பர்ன் கப் அன்றைக்குக் காசு கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஆஸ்திரேலியாவின் பெரிய குதிரைப் பந்தயமான மெல்பர்ன் கப். அங்கே பிற்பகல் 3 மணி என்றால் மலேசியாவில் நமக்குப் பகல் 12. செம்பனைத் தோட்டத்தில் காலை வேலையை முடித்தவர்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள், ஓய்வு பெற்ற கிராணிமார்கள் எல்லாரும் சுங்கை சிப்புட் கோப்பிக்கடைகளில் வந்து உட்காரத் தோதான நேரம். தீபாவளியை ஒட்டி வருவதால் சிலர் கையில் போனஸ் காசும் மிச்சமிருக்கும். வருஷம் முழுக்கக் குதிரைப் பக்கமே தலைவைக்காதவர்கூட அன்றைக்கு மட்டும் "ஏதாவது ஒரு குதிரை சொல்லுங்க அண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் ஈப்போ ரேஸுக்குப் போய்ப் பழகிய நாங்கள் இளவயதில் எதையெல்லாம் செய்து காசை விட்டோமோ, அதையே இந்தப் பையன்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால்தான் கடுப்பாக இருக்கிறது. வீட்டுச் செலவுக் காசைக் கட்டாதே, பீர் போத்தலை வைத்துக்கொண்டு கட்டாதே என்பதெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை.

நம்பரைப் பார்த்துக் குதிரை எடுப்பது

நாலு நம்பர் லாட்டரி எடுத்துப் பழகிய கைக்கு இந்த வியாதி உண்டு. கனவில் வந்த நம்பர், மாமனாரின் கார் நம்பர், வீட்டு நம்பர். கப்பில் குதிரையின் நம்பர் குலுக்கலில் வருவதில்லை. இது ஹேண்டிகேப் ரேஸ். அதாவது திறமை கூடிய குதிரைக்குச் சுமை கூட்டி, குறைந்ததற்குக் குறைத்து, எல்லாவற்றுக்கும் ஒரு வாய்ப்பு வருகிற மாதிரி எடை போடுவார்கள். ஆகக் கூடிய எடை தூக்கும் குதிரைக்கு 1-ஆம் நம்பர். எடை குறையக் குறைய நம்பர் ஏறும். 24 குதிரை ஓடினால் கடைசி நம்பர்கள் ஏறக்குறைய ஆகக் குறைந்த எடையில் இருக்கும். எடை 50 கிலோவுக்குக் கீழே போகாது.

இதுபோக, கதவு நம்பர் என்று இன்னொன்று இருக்கிறது. அதுதான் குலுக்கலில் வருவது. எந்தக் கதவிலிருந்து குதிரை கிளம்பும் என்பதைச் சொல்வது. "8-ஆம் நம்பர் நல்ல இடம் அங்கிள்" என்று கதவைப் பற்றிக் கேள்விப்பட்டு, கவுண்டரில் போய் 8-ஆம் நம்பர் குதிரையைக் கட்டிவிட்டு வந்தவர்கள் எங்கள் மேசையிலேயே இருக்கிறார்கள். ரேஸ் புக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். பார்த்துக் கட்டுங்கள்.

போன தடவை ஜெயித்தது என்பதற்காகவே கட்டுவது

ஜெயித்த குதிரைக்கு அடுத்த ரேஸில் என்ன எடை? முதல் கேள்வி அதுதான். பார் லாப் கதையை நம் அப்பாமார்கள் காலத்துக் குதிரைப் பைத்தியங்கள் எல்லாரும் சொல்வார்கள். 1930-இல் கப்பை ஜெயித்த மகா குதிரை அது. அந்த வருஷம் அதன் விலை, அதாவது ஜெயித்தால் திரும்பக் கிடைக்கும் காசு, போட்ட காசுக்கு ஒரு மடங்குகூட லாபம் வராத அளவுக்குக் குறைந்து கிடந்தது, அவ்வளவு நம்பிக்கை. அடுத்த வருஷம் அதன் முதுகில் 68 கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. குதிரை மட்டமாகிவிடவில்லை. சுமைதான் மாறிவிட்டது.

இரண்டாவது கேள்வி தூரம். கப் 3200 மீட்டர். 1600-இல் பறக்கிற குதிரை கடைசி 600 மீட்டரில் நடக்க ஆரம்பித்துவிடும். அதனால் பழைய ஓட்டங்களில் 2400 மீட்டர்களைத் தேடுங்கள். அக்டோபரில் ஓடும் கால்பீல்ட் கப் 2400. அதில் இடம் எத்தனை என்பதைவிட, கடைசி 200 மீட்டரில் குதிரை முன்னேறிக்கொண்டு வந்ததா, நழுவிக்கொண்டு வந்ததா என்று பார்ப்பது முக்கியம். நான்காவதாக முடித்தாலும் கடைசியில் ஒவ்வொரு குதிரையாகப் பிடித்துக்கொண்டு வந்த குதிரைக்கு இன்னும் 800 மீட்டர் கிடைப்பது வரம். அதற்காகக் கால்பீல்டில் ஜெயித்ததை ஒதுக்கவும் வேண்டாம்: 2023-இல் வித்தவுட் எ பைட், 2025-இல் ஹாப் யுவர்ஸ், இரண்டுமே இரண்டு கப்பையும் சேர்த்தே அடித்தன.

டிப்ஸை நம்பி, விலையைப் பார்க்காமல் கட்டுவது

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

டிப்ஸ் எப்படி வருகிறது? முன்பு ஈப்போ லாயத்தில் சைஸ், அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்த யாரோ ஒருவரின் மச்சானிடமிருந்து வரும். இப்போது வாட்ஸப்பில் குரல் பதிவாக வருகிறது. மெல்பர்னில் படிக்கும் மருமகனின் ரூம்மேட்டுக்குப் பயிற்சியாளரைத் தெரியுமாம். "கண்ணை மூடிக்கிட்டு அடிங்க." கேட்கிறவர் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொள்கிறார், பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் விலைத் திரையைப் பார்ப்பதில்லை.

டோட், அதாவது ரேஸ் கிளப் கவுண்டரில் காசு கட்டும் முறை, எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல்தான் இவ்வளவும். டோட்டில் உங்களுக்கு எதிராக யாரும் விலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எல்லாரும் கட்டிய காசு ஒரே பானைக்குப் போகிறது. அதிலிருந்து வரி, கிளப் செலவு என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். மிச்சத்தை ஜெயித்த குதிரையைக் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கல்யாணப் பந்தியில் ஒரே வாளி பாயசம் மாதிரி; இலை கூடக் கூட ஆளுக்கு ஒரு கரண்டி குறையும்.

கணக்குக்காக ஒரு சின்ன ரேஸ் வைத்துக்கொள்வோம். கழிவு நூற்றுக்கு 20 என்றும் வைத்துக்கொள்வோம். காலையில் பானையில் 10,000 வெள்ளி. அதில் நம் டிப்ஸ் குதிரை மேல் 1,000. கழிவு போக 8,000; அதை 1,000-ஆல் வகுத்தால் 1 வெள்ளிக்கு 8 வெள்ளி. அப்புறம் டிப்ஸ் பரவுகிறது. கதவு திறக்கும்போது பானையில் 50,000, அதில் அந்தக் குதிரை மேல் மட்டும் 20,000. கழிவு போக 40,000. வகுத்தால் 1 வெள்ளிக்கு 2 வெள்ளி. அதே குதிரை, அதே கால், அதே ஜாக்கி. நீங்கள் காலை 10 மணிக்கே கட்டியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அந்தக் கடைசி 2 வெள்ளி விலைதான். டோட்டில் முன்னால் கட்டியவருக்குத் தனி விலை கிடையாது.

இப்போது அந்தக் குதிரைக்கு உண்மையிலேயே நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வாய்ப்புதான். 8 வெள்ளி விலையில் நாலு தடவை 1 வெள்ளி கட்டினால் சராசரியாக ஒரு தடவை 8 திரும்பும், லாபம். 2 வெள்ளி விலையில் நாலு கட்டி 2 வாங்குவீர்கள். டிப்ஸ் உண்மை. குதிரையும் நல்ல குதிரை. ஆனால் காசு போய்விட்டது.

எங்கள் மேசைக்கு வரும் ஒரு தம்பி, லாரி பட்டறையில் வேலை. ஈப்போ சனிக்கிழமை ரேஸ் ஒன்றில் இப்படித்தான் டிப்ஸ் பிடித்து 100 வெள்ளி கட்டினான். காலையில் யாரோ விலை எட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். குதிரை ஜெயித்தது. கையில் வந்தது 200 சொச்சம். "கவுண்டர்ல ஏமாத்திட்டாங்க அங்கிள்" என்று என்னிடம் சண்டைக்கு வருகிற மாதிரி நின்றான். மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும் பேசி வைத்திருந்தானாம். பேப்பர் எடுத்து மேலே எழுதிய கணக்கைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "ஆனா டிப்ஸ் கரெக்ட் தானே அங்கிள்?" அடுத்த வாரம் அதே ஆள் சொன்ன குதிரை மேல் அந்த 200-ஐயும் போட்டான். அது கண்ணுக்கே தெரியாத இடத்தில் முடித்தது. தோற்கிற டிப்ஸைவிட ஜெயிக்கிற டிப்ஸ் அதிகம் செலவு வைக்கும் என்று நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிப்ஸ் சொல்கிறவர் "ஜெயிச்சா கோப்பிக் காசு குடுங்க, தோத்தா ஒண்ணும் வேணாம்" என்கிறாரா? பெருந்தன்மை மாதிரி தெரியும். 12 குதிரை ஓடும் ரேஸில் 12 கூட்டத்துக்கு ஒவ்வொரு குதிரையாகச் சொல்லி வைத்தால் ஏதோ ஒரு கூட்டம் ஜெயித்தே தீரும். அவர்கள் கோப்பிக் காசும் கொடுப்பார்கள், ஊரெல்லாம் அவர் புகழும் பாடுவார்கள். மற்ற 11 கூட்டமும் வெட்கத்தில் வாயைத் திறக்காது. குதிரையைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரிய வேண்டியதில்லை.

லாயத்து ஆள் நேர்மையாகவே சொன்னாலும், அவருக்குத் தெரிந்தது தன் குதிரை நன்றாகச் சாப்பிடுகிறது, காலை ஓட்டத்தில் உற்சாகமாக இருக்கிறது என்பதுதான். அதே ரேஸில் இன்னும் ஐந்து லாயங்களில் ஐந்து குதிரைகள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அது அவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் செய்வது இதுதான். ரேஸ் புக்கில் எனக்குப் பிடித்த மூன்று குதிரைக்குப் பக்கத்தில், எந்த விலைக்குக் கீழே போனால் கட்டமாட்டேன் என்று பென்சிலில் முதல் நாள் இரவே எழுதி வைத்துவிடுவேன். கப் அன்று 11.50-க்குத் திரையைப் பார்ப்பேன். விலை அதற்குக் கீழே என்றால் அந்தக் குதிரைக்குக் காசு கிடையாது. அது ஜெயித்தாலும் சரி. மேசையில் கிண்டல் பண்ணுவார்கள்தான்.

"90-க்கு 1 குதிரையே ஜெயிச்சிருக்கே"

ஜெயித்திருக்கிறது. 2024-இல் நைட்ஸ் சாய்ஸ், 1 வெள்ளிக்கு 90 வெள்ளி லாபம் தரும் விலையில். 2015-இல் பிரின்ஸ் ஆப் பென்சன்ஸ் 100-க்கு 1 விலையில் வந்தது. அதில்தான் மிச்செல் பெய்ன் கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி ஆனார். அந்த விலையில் ஓடித் தோற்ற குதிரைகளின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

எல்லாவற்றையும் சேர்த்துப் பாக்ஸ் கட்டுவது

டியர்ஸ் என்பது முதல் மூன்று குதிரையை வரிசை மாறாமல் சொல்வது. 24 குதிரை ஓடும் ரேஸில் அப்படி 12,144 வரிசைகள் சாத்தியம். "எதுக்கு வம்பு, அஞ்சு குதிரையைப் பாக்ஸ் போட்டுடு" என்பார்கள். பாக்ஸ் என்றால் அந்தக் குதிரைகள் முதல் மூன்று இடத்துக்கு எந்த வரிசையில் வந்தாலும் சேர்த்துக் கட்டுவது. ஐந்து குதிரைப் பாக்ஸ் 60 கோடு, அதாவது 60 வரிசை. ஒரு கோட்டுக்கு 2 வெள்ளி என்றால் 120 வெள்ளி. சரி, பயத்தில் இன்னொரு குதிரையைச் சேர்த்தால்? 120 கோடு, 240 வெள்ளி. ஒரே ஒரு குதிரைக்காகச் செலவு இரட்டிப்பு. அதில் ஒரு கோடு தவிர மற்ற 119-ம் நிச்சயமாகத் தோற்கும் கோடு. மேசையில் நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு குதிரையைச் சேர்க்கச் சொல்வார்கள். பாக்ஸ் பெருப்பது பெரும்பாலும் இப்படித்தான், குதிரை ஞானத்தால் அல்ல. வேண்டுமானால் ஒரு குதிரையை முதலிடத்துக்கு நிலையாக வைத்து, மற்ற இரண்டு இடங்களுக்கு நாலு குதிரையை மாற்றிப் போடுங்கள். 12 கோட்டில் முடியும்.

மழை

மெல்பர்ன் வசந்தத்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. தரையின் நிலையை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள். 3, 4 நல்ல தரை, 5 முதல் 7 வரை ஈரம், 8 முதல் 10 வரை சேறு. முதல் நாள் பார்த்த எண்ணை நம்பிக் கட்டாதீர்கள். ஈரத்தில் இதுவரை ஓடியே பார்க்காத குதிரையை ஈரத்தில் நம்புவது வீண் தைரியம்.

புக்கியிடம் கட்டுவது

புக்கி என்றால் உரிமம் இல்லாமல் பந்தயக் காசு வாங்குகிறவர். 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம், கட்டுகிறவருக்கும் சேர்த்து. பெரிய காசு விழுந்தால் ஆள் போனை எடுக்கமாட்டார். அப்போது யாரிடம் போய்ப் புகார் கொடுப்பீர்கள்?

கடனில் கட்டுவது

கந்துவட்டி ஆலோங் வாசலுக்கு வந்த பிறகு குதிரை ஜெயித்து என்ன.

முஸ்லிம் நண்பரை டிக்கெட் எடுத்துவரச் சொல்வது

அவருக்கு அது ஷரியா குற்றம். கேட்காதீர்கள்.

டிக்கெட்டைப் படிக்காமல் நகர்வது

கப் ஓடும் பிளெமிங்டன் மைதானத்தில் அன்றைக்குக் கப் மட்டும் ஓடுவதில்லை. காலையிலிருந்து ரேஸ் மேல் ரேஸ். கப் ஏழாவது ரேஸ். 6-ஆம் ரேஸ் 7-ஆம் குதிரை, 7-ஆம் ரேஸ் 6-ஆம் குதிரை என்று வாய் குழறிச் சொல்லிவிட்டு, டிக்கெட்டைச் சட்டைப் பையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். காலையில் விலகிய குதிரையின் பெயரும் பழைய பட்டியலில் அப்படியே இருக்கும். அதனால் ஊர், ரேஸ் நம்பர், குதிரை நம்பர், வின்னா (முதலிடம் மட்டும்) பிளேஸா (முதல் சில இடங்களில் ஒன்று), எத்தனை வெள்ளி, இந்த ஐந்தையும் கவுண்டருக்கு முன்னால் நின்றே படியுங்கள். பின்னால் நிற்கிறவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.