ஊட்டியில் நாற்பது வயதிலும் வேகப்பந்து வீச

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தை வளைப்பது காற்றுதானே? கடற்கரையில் ஒரு ஜாண் வளையும் அவுட்ஸ்விங் (காற்றிலேயே பேட்ஸ்மேனைவிட்டு வெளியே வளையும் பந்து) இங்கே இரண்டு விரற்கடை குறைந்துவிடும். அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டப்போய் முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

லீக்கில் பல வருஷம் நீடிக்க கட்டர் போதும்; அதாவது விரலால் சுழற்றி, தரையில் பட்டதும் திரும்பும் பந்து. மேட் விக்கெட்டில், அதாவது ஆடுதளத்தில் விரித்த கயிற்றுப் பாயில், அது நன்றாகப் பிடிக்கும். வலது கைக்காரர் ஆஃப் கட்டருக்கு (வலது கை பேட்ஸ்மேனை நோக்கி உள்ளே வருவது) பந்தை விடும்போது விரல்களை அதன் வலப்பக்கமாகக் கீழே இழுக்க வேண்டும். லெக் கட்டருக்கு (வெளியே போவது) இடப்பக்கமாக. பந்தை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்துச் சுழற்சி போய்விடும். பாதி ரன்-அப்பில் பழகுங்கள். அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசிய ஜேமி மோயர் 2012-இல், 49 வயதில், கொலராடோ அணிக்காக ஆட்டம் வென்றார். அந்த அணியின் ஊரான டென்வரும் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் அவர் பந்தின் வேகம் மணிக்கு 80 மைலைக்கூடத் தொடவில்லை!

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் ஸ்வெட்டரோடே மெதுவாக ஓடுங்கள். வேர்த்த பிறகு கழற்றுங்கள். கை, இடுப்பு சுழற்றி, பாதி ரன்-அப்பில் ஆறு பந்து, முழு ரன்-அப்பில் ஆறு. மொத்தம் இருபது நிமிஷம். ஸ்பெல் (ஒரு தடவையில் தொடர்ந்து வீசும் ஓவர்கள்) முடிந்து ஃபைன் லெக்கில் ஃபீல்டிங்குக்கு நடக்கும்போதே ஸ்வெட்டர் மறுபடி உடம்பில் ஏற வேண்டும். பலருக்கும் தசை பிடிப்பது உடம்பு ஆறிப்போய் வீசும் இரண்டாவது ஸ்பெல்லில்தான்.

பெரிய ஆபத்து மழைக்கால இடைவெளிக்குப் பிறகு வருகிறது. ஜூன் முதல் சும்மா இருந்துவிட்டு, முதல் வாரமே பத்து ஓவர் போட்டால் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழலாம். வலைப்பயிற்சியையும் சேர்த்துப் பந்துகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் இரண்டு நாள், நாளுக்கு 24 பந்து என்று தொடங்கி, ஆறு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கக் கூடாது. 15 வயதுப் பையன்களுக்கு ஒரு ஸ்பெல்லில் ஆறு ஓவரைத் தாண்டவே வேண்டாம்.

கீழ்முதுகின் இரண்டு பக்கமும் அசதியாக இருந்தால் ஓய்வில் சரியாகும். வலது கைக்காரருக்கு இடது கீழ்முதுகில் மட்டும், பின்னால் வளையும்போது வலித்தால் அன்றே நிறுத்துங்கள். ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது; எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

மேட் விக்கெட்டில் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) வேண்டாம், பாயின் கயிற்றில் மாட்டும். ரப்பர் அடி ஷூ போடுங்கள். டாஸுக்கு முன் முன்கால் இறங்கும் இடத்தில் அந்தப் பாயை இழுத்துப் பாருங்கள். சுருக்கம் இருந்தால் ஆணியைப் பிடுங்கி, இழுத்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.