சிங்கப்பூர் ஆற்றோரம் ஆள் சேர்த்து நடக்க

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆற்றோரச் சிற்பங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். போட் கீ பக்கம் உணவக மேசைகள் போக மிஞ்சும் நடைபாதை குறுகல்; இருபது பேர் நின்றால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் காதில் விழாது. ஞாயிறு காலை ஏழரை நல்ல நேரம். மாலையில் காற்று நன்றாகத்தான் வரும், ஆனால் சாப்பிடக் கூப்பிடுகிறவர்களைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து, யுஓபி பிளாசா கட்டடம் வழியாகக் கரைக்கு வாருங்கள். அங்கே ஸ்பானிய ஓவியர் சால்வடார் டாலி செய்த நியூட்டன் சிலை நிற்கிறது. நெஞ்சு திறந்திருக்கும், உள்ளே இதயம் தொங்கும். ஆற்றைப் பார்த்தபடி கொலம்பியச் சிற்பி பொட்டேரோவின் கொழுகொழு பறவை, 1990-இல் செய்தது. இரண்டும் உலகப் புகழ் பெற்றவர்களின் வேலைதான். ஆனாலும் பத்து நிமிடம் போதும். படம் எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் கிளப்பிவிடுங்கள். நேரத்தைக் கவெனா பாலத்துக்கு மிச்சம் வையுங்கள்.

1869-ஆம் ஆண்டுப் பாலம் அது. அதை ஒட்டி ஆவ் டீ ஹொங் செய்த 'ரிவர் மெர்ச்சண்ட்ஸ்' வெண்கலச் சிற்பம் இருக்கிறது. இங்கே நீங்கள் உடனே வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரையும் ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: யார் பேசுகிறார்கள், யார் சுமக்கிறார்கள்? ஸ்காட்லாந்து வணிகர் ஜான்ஸ்டனும் சீன வியாபாரியும் மலாய்த் தலைவரும் பேசிக்கொண்டிருக்க, இந்தியக் கூலிகளும் சீனக் கூலிகளும் மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றுவதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அடுத்ததாகப் பாலத்து அறிவிப்புப் பலகையை அவர்களையே படிக்கவிடுங்கள். மாடும் குதிரையும், சுமையோடு சேர்த்து சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும் பாலத்தில் வரக் கூடாது என்று இருக்கும். மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பலகை! சிரிப்பு அடங்கியதும் வரலாறு பேசலாம்.

ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் ஓரமாக ஐந்து பையன்கள் ஆற்றில் குதிப்பது சோங் ஃபா சியோங்கின் 'ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்' சிற்பம் (2000). எல்லாரும் படம் எடுக்கும் இடம். இங்கே பேச்சை வயதானவர்களிடம் விட்டுவிடுங்கள். 1977 முதல் 1987 வரை ஆற்றைச் சுத்தம் செய்தார்கள் என்று நான் சொன்னால் அது வெறும் தகவல். எங்களோடு வரும் பெரியவர் ஒருவர், "தண்ணி கறுப்பா கிடக்கும், அதுல குதிச்சிட்டுப் போனா அம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க" என்றதும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் சேர்க்கும்போதே இப்படி ஒருவரையாவது பிடித்துவையுங்கள்.

பாலத்தைக் கடந்தால் ஆசிய நாகரிக அரும்பொருளகம். கழிவறை, தண்ணீர் விஷயத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அரும்பொருளகம் திறக்க மணி பத்தாகும் என்பதால் அதற்கேற்ப நடையின் வேகத்தை வையுங்கள். பக்கத்திலேயே செர்ன் லியன் ஷானின் சிற்பம்: வட்டிக்கடைச் செட்டியாரும் இன்றைய நிதித் துறைக்காரர்களும் ஒரே இடத்தில். அக்கரையில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இருந்த பக்கத்தைக் கைகாட்டுங்கள். நீளக் கூடத்தில் ஆளுக்கு ஓர் இடம், ஒரு பெட்டகம், ஒரு மேசைப்பெட்டி. பகலில் அதுதான் கடை, ராத்திரி அங்கேயே படுக்கை. இன்று அங்கே உயரமான கட்டடங்கள்தான்.

வெள்ளை ராஃபிள்ஸ் சிலையை எல்லாருக்கும் தெரியும், நிற்க வேண்டாம். எல்ஜின் பாலம், கிளார்க் கீ தாண்டி நேரே நடங்கள். இந்தப் பகுதியில் வெயில் ஏறிவிடும், குடை இருக்கட்டும். வேகமாக நடப்பவர் ஒருவரைக் கடைசியில் விடுங்கள், முன்னால் விட்டால் கூட்டம் சிதறிப்போகும்.

அடுத்து நிற்க வேண்டியது அல்காஃப் பாலம். சரக்கு ஏற்றும் தொங்கான் படகின் வடிவில் 1997-இல் கட்டியது. 2004-இல் பிலிப்பினோ ஓவியர் பசித்தா அபாட் 55 நிறங்களில் இதற்கு வண்ணம் பூசினார்; அப்போது அவர் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், அந்த ஆண்டே காலமானார். பாலத்தின் நடுவில் நிற்காமல் கரையிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். படகின் உருவம் அப்போதுதான் பிடிபடும்.

அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில். 1859-இல் செட்டியார்கள் எழுப்பியது. தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடம். கிட்டங்கிக் கதையைக் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு இங்கே அதிகம் விளக்க வேண்டியிருக்காது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக ஃபோர்ட் கேனிங் எம்ஆர்டி பக்கம். பசியாறாமல் வந்தவர்கள் அதற்கு முன்பே முணுமுணுக்கத் தொடங்குவார்கள். பையில் இரண்டு பொட்டலம் பிஸ்கட் வைத்திருங்கள்.