ஏற்காடு வளைவில் வயிற்றின் மேல் விழும் பழி

பத்தாம் வகுப்புக்கு உடலுறுப்புப் பாடம் தொடங்கும் நாளில் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இரைப்பை எங்க இருக்கு? கைய வச்சுக் காட்டுங்க." பெரும்பாலான கைகள் நேராகத் தொப்புளுக்குப் போகும். அங்கே இருப்பது சிறுகுடல். இரைப்பை அதற்கு மேலே, இடது விலா எலும்புகளை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கூரை போல உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை. அந்தக் கூரையின் மேல் மாடியில் குடியிருப்பது இதயம். இதை ஒரு மார்க் கேள்வி என்று விட்டுவிடாதீர்கள். உறுப்பின் விலாசம் தெரியாததால்தான் பழியை மாற்றிப் போடுகிறோம், வைத்தியத்தையும் மாற்றிச் செய்கிறோம்.

சேலத்திலிருந்து பிள்ளைகளோடு ஏற்காடு போகும் பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் போவதற்குள் பின்சீட்டில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பான். முகம் கழுவிவிட்டு வந்து, "காலையில தின்ன பூரிதான் சார், ஒத்துக்கல" என்பான். பாவம் பூரி! கோளாறு அவன் காதில்.

உள்காதில் அரைவட்டக் குழல்கள் மூன்று இருக்கின்றன, உள்ளே நீர்மம். சொம்பில் தண்ணீரை வைத்துச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்: சொம்பு திரும்பிவிடும், தண்ணீர் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பும். அந்தப் பிந்தலை உள்ளே உள்ள நுண்மயிர்கள் உணர்ந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குச் சொல்லும். அவன் கண்ணோ செல்போனில். 'ஒன்றும் அசையவில்லையே' என்று அது சொல்லும். இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்புகிறது, வயிறு புரட்டுகிறது. டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? அடுத்த வளைவு அவருக்கு முன்னாலேயே தெரியும்.

ஆகவே வாந்திக்குப் பயந்து பட்டினியாகக் கிளம்ப வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு விழுங்கினால் அதுவும் வெளியேதான் வரும். தூக்கம் வரவைக்கும் மாத்திரை என்பதால் வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது.

காது அடைப்பு இறங்கும்போதுதான் அதிகம். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், எச்சில் விழுங்கினால் குழாய் திறக்கும். சளி பிடித்திருந்தால் அதுவும் சிரமம். இதற்குப் போய் பட்ஸ் விட்டுக் குடைவதும் எண்ணெய் ஊற்றுவதும் வீண். அடைப்பு செவிப்பறைக்கு அந்தப் பக்கம். பெரியவர்கள் மிட்டாய் சப்பலாம், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

சரி, நான் உண்மையில் பயப்படும் தவறுக்கு வருகிறேன். ஏற்காட்டில் உள்ள கிளியூர் அருவிக்கு இறங்குவது சுலபம். ஏறி வரும்போதுதான் தெரியும். எங்கள் உறவில் ஒரு பெரியப்பா, ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. பாதி ஏற்றத்தில் நின்று மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை, அந்தக் குளிரிலும். "மலைக் காத்து ஒத்துக்கலப்பா, வாயு பிடிச்சிருக்கு" என்றார். சோடா குடித்தார், ஏப்பம் வந்தது, "இப்பத் தேவல" என்று சிரிக்கவும் செய்தார். அன்று இரவு சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதய ரத்தக் குழாயில் அடைப்பு.

அவர் சொன்ன இரண்டு காரணமும் தவறு. ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர்தான். உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஏற்றத்தில் யாருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும், அது வேறு. நடந்தால் நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுகிறது என்றால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வாயு என்று ஏன் தோன்றுகிறது? மாடிவீட்டை மறந்துவிடாதீர்கள். இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது, நேர் கீழே இரைப்பை. இதயம், கை, தாடை, மேல்வயிறு ஆகியவற்றின் வலிச் செய்திகள் தண்டுவடத்தில் அடுத்தடுத்த இடங்களில் போய்ச் சேருகின்றன. இன்னாருடைய செய்தி என்று மூளையால் சரியாகப் பிரிக்க முடிவதில்லை. அதனால் மாரடைப்பு பல்வலி போலவும் வரும், தோள் வலி போலவும் வரும், நெஞ்செரிச்சல் போலவும் வரும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியும் மூச்சுத்திணறலுமாகக்கூட வரலாம். ஏப்பம் வந்து இதமாக இருந்தது என்பதை வைத்து இதயத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது. இதயம் இடது பக்கம் மட்டும் இருப்பதாக நினைத்து, "நடுநெஞ்சுலதான வலிக்குது" என்று தேற்றிக்கொள்வதும் இதே ரகம். அது இருப்பது நடுநெஞ்சில், நெஞ்செலும்புக்குப் பின்னால்தான், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

இப்படி யாராவது வியர்த்து உட்கார்ந்தால் சோடா தேடி ஓடாதீர்கள். மேலே ஏறச் சொல்லாதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே வைத்து 108-ஐ அழையுங்கள். அவரே பைக்கை எடுத்துக்கொண்டு வளைவில் இறங்குவது அவருக்கும் ஆபத்து, எதிரே வருபவருக்கும் ஆபத்து. அப்புறம், ஈ.சி.ஜி. எடுத்து "நார்மல்" என்று வந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் ஈ.சி.ஜி.யில் மாற்றம் தெரியாமல் போவதுண்டு. வலி இருக்கிறதென்றால், கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று எடுக்கட்டுமா, ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் புரதம்) பார்க்கட்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரியப்பாவுக்கு இரண்டாவது ஈ.சி.ஜி.யில்தான் தெரிந்தது.