வாங்கலாமா வேண்டாமா? ஓர் உணவு பீதியைப் படிக்கும் விதம்

“அதுல விஷமாம், இதுல கெமிக்கலாம்” என்று வாரத்துக்கு ஒரு வீடியோவாவது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் என்பதால் தீர்ப்பு சொல்வது என் தலையில் விழும். “அண்ணி, வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்பாள் நாத்தனார். ஒரே வார்த்தையில் அடங்குகிற விஷயமா இது? நான் என்ன வரிசையில் பார்ப்பேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் மாதிரி. யார் எடுத்தது, எங்கே, எப்போது? முறைப்படி என்றால் உணவு பாதுகாப்பு அலுவலர் காசு கொடுத்து வாங்கி, நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சீல் வைப்பார். ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்குப் போகும்; மற்றவை பின்னால் தகராறு வந்தால் சரிபார்க்க. பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம். காலையில் ரெய்டு, மதியமே ‘விஷம் உறுதி’ என்று செய்தி ஓடினால், உறுதி செய்தது பெரும்பாலும் டிவிக்காரர்தான்.

அடுத்து, எந்தப் பிரிவு என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தில் தரம் குறைந்தது, தவறான லேபிள் ஒட்டியது, பாதுகாப்பற்றது என்று தனித்தனியாக இருக்கிறது. செய்தியில் எல்லாமே ‘கலப்படம்’ ஆகிவிடும். கொழுப்பு குறைந்த பால் முதல் வகை. அதைக் குடித்து யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

மேகி நூடுல்ஸ் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கியில் அது தொடங்கியது லேபிளில்தான். எம்எஸ்ஜி என்பது சுவை கூட்டும் குளுட்டமேட் உப்பு; அது ‘சேர்க்கப்படவில்லை’ என்று போட்டிருந்த பாக்கெட்டில் குளுட்டமேட் இருந்தது. தக்காளியிலும் இயற்கையாகவே குளுட்டமேட் உண்டு. இருக்கிறதா என்று சோதனை சொல்லும், யார் போட்டது என்று சொல்லாது. 2014-ல் எடுத்த மாதிரி கொல்கத்தா ஆய்வுக்கூடத்துக்குப் போய், அடுத்த ஆண்டு ஈயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 17.2 பங்கு) என்று முடிவு வந்தது. அனுமதி 2.5 பிபிஎம். அதன் பிறகு லேபிளை யார் நினைத்தார்கள்? 2015 ஜூனில் தமிழ்நாடு மூன்று மாதத் தடை போட்டது, மறுநாளே மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொன்னது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த கூடங்களுக்கு முறையான அங்கீகாரம் இல்லை, கம்பெனியின் தரப்பைக் கேட்கவில்லை என்பவை காரணங்கள். வேறு மூன்று கூடங்களில் மறுசோதனை செய்தபோது ஈயம் வரம்புக்குள் இருந்தது; நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. கம்பெனி புனிதம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எண் வந்தவுடன், அது எந்தக் கூடத்தின் எண் என்றும் கேளுங்கள் என்கிறேன்.

சில சமயம் அளவுப் பேச்சே தேவையில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி இருந்ததாக அறிக்கை வந்து தமிழ்நாடு அதைத் தடை செய்தது. அது துணிக்குப் போடும் சாயம். உணவில் துளிகூட அனுமதி இல்லை. அங்கே நான் வாதாட மாட்டேன்.

வீட்டுச் சோதனை வீடியோக்களிடம் உஷாராக இருங்கள். 2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள், டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள் என்று பரவியது. பழுத்த பழத்தைத் துடைத்தால் சதைத் துணுக்கும் சாறும் ஒட்டி டிஷ்யூ கொஞ்சம் சிவக்கத்தான் செய்யும். கூடத்தில் நாங்கள் செயற்கைச் சாயத்தைத் தேட, லேசாக அமிலம் சேர்த்த கரைசலில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்க வைப்போம். நூலில் ஏறிய நிறத்தை நீர்த்த அம்மோனியாவில் இறக்கி, மறுபடி அமிலமாக்கிப் புது நூலில் ஏறுகிறதா என்று பார்ப்போம். இயற்கை நிறம் பெரும்பாலும் இரண்டாம் முறை ஏறாது. அதற்குப் பிறகும் எந்தச் சாயம் என்று காகிதத்தில் பிரித்துப் பார்த்துத்தான் எழுதுவோம். அந்தத் தர்பூசணிப் பேச்சில் விற்பனை படுத்து, விவசாயிகள் கொதித்தெழுந்து, அதைப் பற்றிப் பேசிய சென்னை அதிகாரி இடம் மாற்றப்பட்டார். இடமாற்ற உத்தரவும் ஒரு சோதனை முடிவு ஆகாது, பாருங்கள்.

கடைசியாக, சொல்பவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்? 2017-ல் தனியார் பாலில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று சொன்னவர் அன்றைய பால்வளத் துறை அமைச்சர். தனியாருக்குப் போட்டியான ஆவின் பால் அவருடைய துறையின் கீழ். ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குத் தடை போட்டது. அமைச்சர் சொன்னதாலேயே பொய் என்று தள்ளவும் வேண்டாம், அறிக்கை எங்கே என்று கேட்டால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் என்றால் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். அதே 2006 சட்டத்தின் 40-வது பிரிவு வாங்குபவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. பொருளை வாங்கும்போதே ‘இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று பகுப்பாய்வாளர் அறிக்கை சொன்னால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். கடைக்காரர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று கூச்சப்படுகிறாள். ஃபார்வர்டு பண்ண மட்டும் கூச்சமே இல்லை.