வெடிக்காத தோட்டாக்கள்: கோளாறு ப்ரைமர் குழியில்

டெக்சாஸுக்கு வந்த பிறகு .308 வின்செஸ்டர் ரக ரைஃபிள் தோட்டாக்களை நானே வீட்டில் நிரப்புகிறேன். போன மாதம் 20-இல் 3 வெடிக்கவில்லை. ட்ரிகரை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குழலை இலக்கை நோக்கியே பிடித்து, 30 நொடிக்கு மேல் காத்திருந்துதான் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) திறந்தேன். இதில் அவசரமே கூடாது.

தோட்டாவின் அடியில் ஒரு குழிக்குள் உட்காரும் சின்ன மூடிதான் ப்ரைமர்; துப்பாக்கியின் ஊசி அடித்ததும் அதுதான் உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். அதில் ஊசி பட்ட தடம் மேலோட்டமாக இருந்தது. முதலில் ஊசியின் ஸ்ப்ரிங் மீதுதான் சந்தேகம். ஆனால் கடையில் வாங்கியவை ஒன்றுவிடாமல் வெடித்தன. வெடிக்காத மூன்றும் இரண்டாவது அடியில் வெடித்தன. சரி, ப்ரைமர் அதன் குழியின் அடிவரை உட்காரவில்லை. முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிட்டது.

காலிக் கூடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ப்ரைமர் குழியின் மூலையில் கரி கெட்டியாகப் படிந்திருந்தது. சின்ன பிரஷால் சுரண்டி எடுத்தேன். அப்புறம் கைக்கருவியால் புது ப்ரைமரை, அடியில் முட்டுவது விரலுக்குத் தெரியும்வரை அழுத்தினேன். இப்போது ஒவ்வொரு ப்ரைமரும் கூட்டின் அடிப்பரப்பைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இறங்கியிருக்கிறது.

மருந்து நிரப்பி மீதமிருந்தவற்றில் ப்ரைமரை மறுபடி அழுத்த நான் துணியவில்லை. அது ஆபத்து. குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டேன். புதிதாக நிரப்பிய 50-உம் முதல் அடியிலேயே வெடித்தன.