'ஒட்டு' என்றால் பசை அல்ல: நரம்பிழைகள் வழி தேடும் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'செல் ஒட்டு மூலக்கூறுகள்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கோந்து. இரண்டு செல்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். வளரும் மூளையில், நியூரான் என்ற நரம்பு செல்களிலிருந்து நீளும் நரம்பிழைகள் எப்படித் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேருகின்றன என்று படிக்கும்போது முதலில் சறுக்குவது இங்கேதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

சுவரில் ஓடும் பல்லியைப் பாருங்கள். கால் ஒட்டாவிட்டால் விழும். ஒட்டிய கால் விடாவிட்டால் ஓட முடியாது. நரம்பிழையின் நுனியில் இருக்கும் வளர்முனையும் அப்படித்தான். 1890இல் ஸ்பானிய நரம்பியல் அறிஞர் ரமோன் இ கஹால் நுண்ணோக்கியில் கண்டு விவரித்த பகுதி இது. உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் விளிம்பில் நீண்டுகொண்டே, அதே நேரத்தில் பின்னோக்கி இழுபட்டுக்கொண்டும் இருக்கும். ஒட்டு மூலக்கூறு வெளியே ஒரு பரப்பைப் பற்றி, உள்ளே அந்த ஆக்டினோடு கோத்துக்கொண்டால் பின்னிழுப்பு தணிகிறது, விளிம்பு முன்னே நகர்கிறது. ஆக, அது காலுக்குக் கிடைக்கும் பிடிமானம்.

சரி, பிடிமானம் கூடக்கூட நல்லதுதானே? இல்லை. பழ ஈயில் ஃபாசிக்ளின் 2 என்ற ஒட்டுப் புரதத்தை நரம்பிழைகளில் அளவுக்கு மீறி உருவாகவைத்துப் பார்த்தார்கள். தசையை நோக்கிப் பிரிந்து போக வேண்டிய இழைகள் பல, பிரிய வேண்டிய முனையில் பிரியாமல் கூட்டத்தோடு கூட்டமாகத் தாண்டிப் போய்விட்டன. சேர்ந்து போவதற்கு ஒட்டுதல் வேண்டும். பிரிவதற்கு அது தளர வேண்டும்.

முதுகெலும்புள்ள விலங்குகளில் இந்தத் தளர்த்தும் வேலையைச் செய்வது பாலிசியாலிக் அமிலம் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. என்கேம் (NCAM) என்ற ஒட்டு மூலக்கூறின் மேல் இது படர்ந்து, நீரை இழுத்து வைத்துக்கொண்டு, செல்களை நெருங்க விடாமல் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதைப் பற்றியதுதான். என்கேமை மட்டும் நீக்கிய எலிகள் பிழைத்தன. மணத்தை உணரும் மூளைப் பகுதியான முகர்ச்சிக் குமிழ் சிறுத்தது போன்ற சில குறைகளே தெரிந்தன. சர்க்கரைச் சங்கிலியைக் கட்டும் இரண்டு நொதிகளையும் நீக்கியபோது நிலைமை மோசம்: முக்கிய நரம்புப் பாதைகள் குறைபட்டு, பெரும்பாலான எலிகள் குட்டியிலேயே இறந்தன. அப்புறம் அவற்றில் என்கேமையும் சேர்த்து நீக்கினார்கள். கோளாறுகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது! ஒட்டு மூலக்கூறு இல்லாததைவிட, கட்டுப்பாடின்றி ஒட்டுவது ஆபத்து.

இதே சோதனை இன்னொரு தவறையும் திருத்தும். ஒரு மரபணுவை நீக்கியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்றால் அதற்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒட்டு மூலக்கூறுகளின் குடும்பத்தில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் கைகொடுப்பது வழக்கம். எப்போதும் அப்படி நடக்கும் என்றும் சொல்ல முடியாது: எக்ஸ் குரோமோசோமில் உள்ள, எல்1 என்ற ஒட்டு மூலக்கூறுக்கான மரபணு பழுதானால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, மூளையில் நீர் தேங்குவதும் கட்டைவிரல் உள்நோக்கி மடங்குவதும் இரு அரைக்கோளங்களை இணைக்கும் கார்பஸ் கலோசம் சரியாக உருவாகாமல் போவதும் நேரலாம்.

அடுத்து, 'ஒட்டினால் ஈர்ப்பு' என்ற எண்ணம். பழ ஈயின் டிஸ்கேம்1 என்ற ஒட்டு மூலக்கூறு மரபணு இதைத் தலைகீழாக்கிவிடும். அந்த ஒரே மரபணுவின் துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து 38,016 வகைப் புரதங்கள் செய்ய முடியும். அந்த ஈயின் மொத்த மரபணுக்களே ஏறத்தாழ 14,000தான். ஒரே நியூரானின் இரண்டு கிளைகள் உரசினால், ஒரே வகைப் புரதங்கள் ஒன்றையொன்று இனம் கண்டு பற்றிக்கொள்கின்றன. அந்தப் பற்றுதலே 'இது நீதான், விலகு' என்ற சமிக்ஞையாகி, கிளைகள் பிரிந்து பரவுகின்றன. எலியில் இதே உத்தியை வேறொரு குடும்பமான புரோட்டோகேட்ஹெரின்கள் கையாள்கின்றன.

ஒவ்வொரு நரம்பிழைக்கும் ஒரு தனி மூலக்கூறு முகவரி இருக்கிறது என்பதும் பாடப்புத்தகச் சுருக்கத்தால் வந்த மயக்கம். நரம்பியல் அறிஞர் ரோஜர் ஸ்பெரி 1963இல் வேதி அடையாளக் கருத்தை முன்வைத்தது உண்மைதான். ஆனால் மரபணுக்கள் சில பத்தாயிரம், இணைப்புகளோ கோடானுகோடி. அதனால் ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் அருகியும் இருப்பதே திசை காட்டுகிறது. விழித்திரை இழைகளுக்கு எஃப்ரின்கள் என்ற புரதங்கள் இப்படித்தான் வழி சொல்கின்றன. அதன் மேல், நியூரான்களின் மின் செயல்பாடு பின்னர் இணைப்புகளைச் சீர்செய்கிறது.

கடைசியாக, பெயரைப் பார்த்து இடத்தை முடிவு செய்வது. என்கேமின் முதல் எழுத்தான 'என்' (N) நரம்பைக் குறிக்கிறதுதான். ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அதே புரதத்துக்குப் பெயர் சிடி56. இயற்கைக் கொல்லி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை அங்கே அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள்.