சார்ஜர் விளக்கு அணைகிறதா? போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

லேப்டாப்பில் உயிரே இல்லை. மதர்போர்டு மாற்றச் சொன்ன தொகை புது லேப்டாப் விலையில் பாதி. பேட்டரியைக் கழற்றி பவர் பட்டனை 30 விநாடி அழுத்தினேன், ரேம் மாற்றினேன், வேறு சார்ஜர் போட்டேன். பலனில்லை.

துப்பு கொடுத்தது சார்ஜர் விளக்குதான். பின்னைச் செருகினால் அணைகிறது, உருவினால் எரிகிறது. அப்படியென்றால் 19 வோல்ட் நுழையும் இடத்திலேயே ஷார்ட், அதாவது கரன்ட் நேரே கிரவுண்டுக்கு (மைனஸுக்கு) ஓடுகிறது. மல்டிமீட்டரில் சார்ஜர் ஜாக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.5 ஓம்தான், தடையே இல்லாத மாதிரி.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, வோல்ட்டை நாமே அமைக்கக்கூடிய பவர் சப்ளையை 1 வோல்ட், 3 ஆம்பியர் வரம்பில் வைத்து ஜாக்கில் கொடுத்தேன். போர்டில் சீக்கிரம் ஆவியாகும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவியதும் ஒரே ஒரு செராமிக் கெபாசிட்டரின் (மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு பாகம்) மேல் மட்டும் சட்டென்று காய்ந்தது; அதுதான் சூடாகிறது, ஷார்ட் அங்கேதான். வெளியே கருகலோ விரிசலோ கிடையாது. கழற்றினேன், ஷார்ட் போனது. அதே மதிப்பில் 50 வோல்ட் கெபாசிட்டர் வைத்தேன், லேப்டாப் எழுந்தது. அப்பாடா!

இப்படிச் சோதிக்கும்போது 1 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. சிபியுவுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட்டாகியிருந்தால் கொடுக்கும் வோல்ட் நேரே சிபியுவுக்குள் போய்விடும்.

சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் குறைவாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் 19 வோல்ட் லைனுக்கும் அந்தக் காயிலுக்கும் நேரடித் தொடர்பு காட்டினால் 19 வோல்ட் சிபியுவுக்குள் போயிருக்கும், செலவு செய்யாதீர்கள். உங்கள் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு புதிது வாங்குங்கள்.